பர்மா தேக்கிலிருந்து பைன் வரை: வெப்பமண்டல மர வரத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம் வாங்கி, அறுத்து, விற்கும் தொழிலில் இருப்பதால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வீடு கட்டுகிறவர் ஒன்று கேட்பார், ஆசாரி ஒன்று கேட்பார், வரப்பில் தேக்கு நட்டுவிட்டுக் காத்திருக்கும் விவசாயி இன்னொன்று கேட்பார். எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். காட்டிலிருந்து அறுக்காத முழுத் தடியாக வந்துகொண்டிருந்த மரம் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதன் இடத்தில் என்ன வருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அதற்காகத்தான் கேள்விகளை இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன்.

கடையில் ‘பர்மா தேக்கு’ என்று விற்கிறார்களே, அது பர்மாவிலிருந்து வந்ததுதானா?

பெரும்பாலும் இல்லை. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அங்கிருந்து முறைப்படி வெளியே வருவது அறுத்த சட்டம், பலகை, வெனீர் என்ற மெல்லிய மரத்தாள் மாதிரியான சரக்குதான். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த ஆண்டே மியான்மர் அரசின் மர நிறுவனத்தின் மேல் பொருளாதாரத் தடை போட்டன. ஆகவே இன்று ஒருவர் புதுத் தடியைக் காட்டி ‘பர்மா’ என்றால், இறக்குமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பெயருக்கு இருக்கும் மரியாதை சும்மா வந்ததில்லை. பர்மாவில் தேக்கை நின்ற நிலையிலேயே காயவைப்பார்கள். அடிமரத்தில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, மூன்று வருடம் போல அப்படியே விட்டுவிடுவார்கள். நீர் ஏறாமல் மரம் நின்றபடி உலரும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும், உலர்ந்தது மிதக்கும். யானைகள் இழுத்துவந்து ஓடையில் தள்ள, மழைக்காலத்து வெள்ளம் அதை ஐராவதி ஆறுவரை கொண்டுவந்து சேர்க்கும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் உத்தரங்களும் இப்படி வந்தவை. நூறு வருடமாகியும் கதவு இழுக்காமல் சாத்துகிறது என்றால், மரத்தின் வயதும் இந்தப் பொறுமையான பக்குவமும்தான் காரணம்.

இன்று அசல் பர்மா தேக்கு வேண்டுமென்றால் நம்பத் தகுந்த வழி பழைய மரம். காரைக்குடிப் பக்கம் இடிக்கப்படும் வீடுகளிலிருந்து அது வருகிறது. ஒரு வீடு போய்த்தான் அந்த மரம் நம் கைக்கு வருகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது.

ஏன் ஒவ்வொரு நாடும் தடி ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டே வருகிறது?

இரண்டு காரணம். காடு தீர்ந்துபோவது ஒன்று. தடியாக விற்றால் லாபம் வாங்குகிற ஊருக்குப் போய்விடுகிறது என்பது மற்றொன்று.

முதல் காரணத்துக்குத் தாய்லாந்தைச் சொல்ல வேண்டும். 1988 நவம்பரில் அதன் தெற்கே பெரும் வெள்ளம். வெட்டி அடுக்கியிருந்த தடிகள் மலைச்சரிவிலிருந்து உருண்டு ஊர்களுக்குள் வந்து விழுந்தன. பல நூறு பேர் இறந்தார்கள். 1989 ஜனவரியிலேயே அரசு காட்டில் மரம் வெட்டும் உரிமங்களை ரத்து செய்துவிட்டது. அப்புறம் தாய்லாந்தின் மர ஆலைகள் பக்கத்து நாடான மியான்மரின் காட்டைத் தேடிப் போயின. ஒரு நாடு கதவை அடைத்தால் அடுத்த நாட்டின் காட்டுக்குச் சுமை கூடும் என்பதை அன்றே பார்த்தோம்.

இரண்டாவது காரணத்துக்கு இந்தோனேசியா. 1985-ல் தடி ஏற்றுமதியை நிறுத்தி, பிளைவுட் ஆலைகளை வளர்த்து, சில ஆண்டுகளில் உலகச் சந்தையையே பிடித்தது. காபோன் 2010-ல் அதே வழியில் போனது. நிகோக் என்ற இடத்தில் தொழிற்பேட்டை அமைத்து, ‘மரம் வேண்டுமா, இங்கே வந்து அறுத்துக்கொள்ளுங்கள்’ என்றது. இந்தியக் கம்பெனிகளும் சீனக் கம்பெனிகளும் போய் ஆலை போட்டன. லாவோஸ் 2016-ல் தடியோடு அறுத்த மரத்தையும் சேர்த்து நிறுத்தியது.

என் கருத்தைக் கேட்டால், அந்த நாடுகள் செய்தது சரிதான். தடியாகப் போனால் கூலி மட்டும்தான் உள்ளூருக்கு. ஆனால் ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால் காடு பிழைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. உள்ளூர் ஆலையும் அதே காட்டைத்தான் தின்னும். வெட்டும் அளவுக்கு வரம்பு வைத்தால்தான் காடு நிற்கும்.

நம் நாட்டிலேயே இவ்வளவு காடு இருக்கிறதே, ஏன் இறக்குமதி செய்கிறோம்?

1988 தேசிய வனக் கொள்கை, காடு தொழிற்சாலைக்கான மூலப்பொருள் கிடங்கு அல்ல என்ற பாதைக்கு நம்மைத் திருப்பியது. அதற்குப் பிறகு வந்தது கோதவர்மன் வழக்கு. கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பக்கத்துக் காடுகள் அழிவதைப் பார்த்துவிட்டு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாடு முழுக்கப் பாய்ந்தது. மத்திய அரசு ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்றானது. நீலகிரியின் ஒரு மூலையில் தொடங்கிய வழக்கு, மறு கோடியில் வடகிழக்கு மாநிலங்களின் பிளைவுட் ஆலைகளை மூட வைத்தது.

நம் காடு பெருமளவு காப்பாற்றப்பட்டது, சந்தோஷம். ஆனால் வீடு கட்டுவது நிற்கவில்லை. அதனால் தடி கப்பலில் வர ஆரம்பித்தது. அறுத்த மரத்தைவிடத் தடிக்கு இறக்குமதி வரி குறைவாக வைத்ததால், உலகமே அறுத்த மரத்துக்கு மாறியபோதும் இந்தியா தடியாகவே வாங்கியது. குஜராத்தின் காண்ட்லா துறைமுகமும் அதை ஒட்டிய காந்திதாமும் நாட்டின் மிகப் பெரிய மரச் சந்தையாகிவிட்டன. நம் பக்கத்தில் தூத்துக்குடி வழியாக வருகிறது.

இப்போது வரும் தேக்கு எந்த நாட்டுச் சரக்கு?

கானா, பெனின், டோகோ, ஐவரி கோஸ்ட், தான்சானியா. அட்லாண்டிக்கைத் தாண்டினால் பிரேசில், ஈக்வடார், கொலம்பியா, பனாமா, கோஸ்டா ரிகா. எல்லாம் தோட்டத்தில் நட்டு வளர்த்தவை.

தேக்கு இயற்கையாக வளர்ந்த நாடுகள் இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் என நான்கே நான்கு. மற்ற எல்லா இடத்துக்கும் விதை போனது. 1913-ல் பர்மா விதை டிரினிடாட் தீவுக்குப் போய், அங்கிருந்து மத்திய அமெரிக்கா முழுக்கப் பரவியது. இப்படி உலகெல்லாம் தேக்குத் தோட்டம் போட முன்மாதிரியே நம் பக்கத்து நிலம்பூர்தான். 1840-களில் மலபார் கலெக்டர் கொனோலிக்காக வன அதிகாரி சாத்து மேனன் நட்டுக் காட்டிய தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. போனால் பாருங்கள், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும்.

விதை அங்கே போய் மரமாகிக் கன்டெய்னரில் நம்மிடமே திரும்பி வருகிறது. உலகத் தோட்டத் தேக்கின் பெரிய வாடிக்கையாளர் இந்தியாதான். நெருக்கத்தைக் குறைக்க இடையில் வெட்டும் சின்னத் தடியைக்கூட வாங்குவது நாம்தான்.

தோட்டத் தேக்கு மட்டமானதா?

நாட்டை வைத்து மட்டம், உசத்தி சொல்ல முடியாது. வயதை வைத்துச் சொல்லலாம்.

யார்டில் தடியின் வெட்டுமுகத்தைக் குனிந்து பாருங்கள். நடுவில் தேன் நிறத்தில் இருப்பது வைரம், அதைச் சுற்றி வெளுத்த வளையமாக இருப்பது வெளிமரம். எண்பது வயதுக் காட்டு மரத்தில் அந்த வெள்ளை மெல்லிய வளையம்தான். பதினைந்து வயதுத் தோட்ட மரத்தில் தடியின் கணிசமான பகுதி வெள்ளைதான். கரையான் தொடாமல் காப்பது தேக்கில் இருக்கும் டெக்டோகுயினோன் போன்ற சத்துகள். அவை சேர்வது வைரத்தில். தேக்காகவே இருந்தாலும் வெள்ளைப் பகுதி உளுத்துப்போகும், கரையானும் ஏறும்.

என் அக்கா வீட்டுக்கு நிலை வாங்கிய கதை இது. அப்போது நான் தொழிலுக்குப் புதிது. வேறொரு கடையில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவிட்டோம். நிறம் ஒரே சீராக, பளபளவென்று இருந்தது. இரண்டாவது கோடையில் நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஐந்து ரூபாய் நாணயம் போகிற அளவு சந்து விழுந்தது. கீழ்ப்பக்கம் ஒரு மூலையில் மாவு கொட்டியது. ஆசாரி உளியால் சுரண்டிப் பார்த்தார். மேலே சாயம், உள்ளே வெள்ளை. மரம் தேக்குதான், பொய் இல்லை. ஈரம் காயாத, வைரம் ஏறாத தேக்கு. அன்றைக்கு அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

தடி அளவில் கன அடிக் கணக்கு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

பழைய ஹாப்பஸ் கணக்கு இன்னும் புழக்கத்தில் இருப்பதால். தடியின் நடுச் சுற்றளவை எடுத்து, அதை நாலாக வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால் 1 × 1 × 10, அதாவது 10 கன அடி. அதே தடியை உருளையாகக் கணக்கிட்டால் சுமார் 12.7 கன அடி வரும். ஹாப்பஸில் வருவது உண்மைக் கன அளவில் 78.5 சதவீதம். மீதியை அறுக்கும்போது போகிற சேதாரம் என்று விட்டுவிட்டார்கள்.

கன்டெய்னர் சரக்கில் பெரும்பாலும் கன மீட்டர் பேசுவார்கள். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. விலை பேசும்முன் ‘எந்தக் கணக்கு, பட்டையோடா, பட்டை நீக்கியா’ என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை இங்கேதான் வருகிறது.

மலேசியா மரம் குறைந்துவிட்டதே?

ஆமாம். தீபகற்ப மலேசியா 1985-லேயே தடி ஏற்றுமதியை நிறுத்தியது. சபா மாநிலம் இடையில் திறந்து, 2018-ல் மறுபடி மூடியது. சரவாக் மட்டும் ஒதுக்கீட்டு முறையில் விட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தடிக்கு இந்தியாதான் பெரிய வாடிக்கையாளர். 2017-ல் சரவாக் அரசு மலைக்காட்டு மரத்துக்கான கட்டணத்தைக் கன மீட்டருக்கு 80 சென்னிலிருந்து (100 சென் ஒரு ரிங்கிட்) 50 ரிங்கிட்டாக ஏற்றியது. ஏற்றுமதி ஒதுக்கீட்டையும் குறைத்தது. நிலைக்கும் உத்தரத்துக்கும் ‘மலேசியா சால்’ என்று கேட்டுப் பழகிய நம் ஊர் ஆசாரிகளுக்கு அதன் தாக்கம் நேரடியாகத் தெரிந்தது.

இப்போது வெப்பமண்டலக் காட்டுத் தடியை அதிகம் வெளியே அனுப்புவது பப்புவா நியூகினியும் சாலமன் தீவுகளும். அதில் பெரும்பகுதி சீனாவுக்கே போகிறது.

மென்மரம் என்றால் மெத்தென்று இருக்கும் மரமா?

இல்லை, இந்தப் பெயர் நிறையப் பேரைக் குழப்புகிறது. தாவரவியலில் மென்மரம் என்பது கூம்பு காய்க்கும், ஊசியிலை மர வகை: பைன், ஸ்புரூஸ், தேவதாரு. அகன்ற இலை மரங்கள் எல்லாம் வன்மரம். அதனால் விரலால் அமுக்கினால் பள்ளம் விழும் பால்சாவும் நம் இலவும் வன்மரக் கணக்கில்தான் வரும்.

வெப்பமண்டலத்தில் பைன் வளருமா?

நன்றாகவே வளரும். சுமத்ராவில் இயற்கையாக வளரும் மெர்குசி பைன், நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போன ஒரே பைன் இனம். அதில் பிசினும் எடுக்கிறார்கள். கரீபியன் பைன் பிஜியிலும் பிரேசிலிலும் தோட்டமாக நிற்கிறது. மெக்சிகோவின் பட்டுலா பைன் ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களில் மலாவி, தான்சானியா வரை போயிருக்கிறது. பப்புவா நியூகினியின் புலோலோவில் அரவ்காரியா என்ற கூம்புமர இனங்களை நட்டுப் பிளைவுட் செய்கிறார்கள். கொடைக்கானலில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் நட்டதுதான். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் கூம்புமரம் ஒன்றே ஒன்று, மேற்குமலைச் சோலைக்குள் அங்கங்கே நிற்கும் நாஜியா. அதன் இலை ஊசியாக இல்லாமல் அகலமாக இருப்பதால் பார்த்தாலும் யாரும் பைனுக்கு உறவு என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்தியாவுக்கு வரும் மென்மரத்தில் பெரும்பங்கு வெப்பமண்டலத்தது இல்லை. வெப்பமண்டலத் தடி குறைந்த இடத்தைக் குளிர்நாட்டு மென்மரம் பிடித்துக்கொண்டது. இந்தத் தொழிலில் என் காலத்தில் நான் பார்த்த மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

நியூசிலாந்து பைன் ஒரு வருடம் மலிவு, ஒரு வருடம் கிடைப்பதே இல்லை. ஏன்?

நியூசிலாந்தின் ரேடியாட்டா பைன் கலிபோர்னியாவிலிருந்து போன மரம். 25 முதல் 30 ஆண்டில் வெட்டுகிறார்கள். காண்ட்லாவுக்குக் கப்பல் கப்பலாக வந்தது. பிறகு பூச்சி மருந்தில் சிக்கல் வந்தது. தடி ஏறும் துறைமுகத்திலேயே மெத்தில் புரோமைடு புகை போட வேண்டும் என்பது இந்திய விதியாக இருந்தது. அந்த வாயு ஓசோனைக் கெடுக்கும். அதைக் காற்றில் விடக் கூடாது, திரும்பப் பிடிக்க வேண்டும் என்று நியூசிலாந்து தன் விதியை இறுக்கியது. இரண்டு விதியும் ஒன்றையொன்று முட்ட, வரத்து படுத்தது.

அந்த இடத்துக்கு உருகுவே பைன் வந்தது. ஜெர்மனியிலிருந்து ஸ்புரூஸ் வந்தது. 2018-க்குப் பிறகு வறட்சியில் வாடிய ஐரோப்பிய ஸ்புரூஸ் காடுகளைப் பட்டை வண்டு அரித்ததால், அதை அவசர அவசரமாக வெட்டி மலிவாகத் தள்ளினார்கள். 2020 கடைசியில் சீனா ஆஸ்திரேலியத் தடியை நிறுத்தியதும் அந்தச் சரக்கும் இந்தப் பக்கம் திரும்பியது. 2022 ஜனவரியில் ரஷ்யா மென்மரத் தடி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆக காந்திதாம் விலையை ஒரு வண்டும், ஒரு வாயுவும், இரண்டு நாட்டுச் சண்டையும் ஆட்டுகின்றன. கடைக்காரர் நேற்றைய விலைக்கு இன்று தர முடியாது என்றால் எல்லா நேரமும் அது பேராசை இல்லை.

பைனை வீட்டுக்குப் போடலாமா?

உள்வேலைக்குப் போடலாம்: அலமாரி, கட்டில், கதவின் உள்சட்டம். மழை படும் இடத்துக்கும் தரையைத் தொடும் நிலைக்கும் வேண்டாம். ரசாயனம் ஏற்றிப் பதப்படுத்தியது என்றால் யோசிக்கலாம். நம் ஊர்க் கரையானுக்குப் பச்சைப் பைன் விருந்து. பேக்கிங் பெட்டியைப் பிரித்து மேசை செய்கிறவர்கள் பலகையில் இருக்கும் கோதுமைக் கதிர் முத்திரையைப் பாருங்கள். ‘ஹெச்டி’ என்றிருந்தால் சூடேற்றியது, ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு போட்டது.

பிளைவுட்டின் மேல்தாள் முன்பு போல் சிவப்பாக இல்லையே?

முன்பு அது குர்ஜன் மரம், பர்மாவிலிருந்து வந்தது. 2014-க்குப் பின் நம் கம்பெனிகள் அங்கேயும் லாவோசிலும் தாள் உரிக்கும் ஆலை போட்டன. லாவோசும் மூடியது. இப்போது காபோனின் ஒக்கூமே. லேசான, இளஞ்சிவப்பு மரம். உள்ளே இருப்பதோ நம் நாட்டு வயல் மரம்தான்: ஹரியானாவின் யமுனாநகரில் பாப்லரும் தைல மரமும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும், தமிழ்நாட்டில் மலைவேம்பும்.

எந்த மரத்துக்கு ‘சைட்டீஸ்’ காகிதம் வேண்டும்?

அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. ஈட்டி, சீசம் உட்பட டால்பெர்ஜியா பேரினம் முழுக்க 2017 முதல் அதற்குள் வந்தது. சீனாவில் ஈட்டி போன்ற செந்நிற மரச் சாமான் மோகம் ஏறியபோது ஒரு இனம் தீர்ந்ததும் வியாபாரிகள் அடுத்த இனத்துக்குத் தாவினார்கள். அதனால்தான் பேரினத்தையே சேர்க்க வேண்டி வந்தது. 2022-ல் பனாமாவில் நடந்த மாநாட்டில் ஆப்பிரிக்காவின் டெரோகார்பஸ், அஃப்செலியா, காயா இனங்கள் சேர்ந்தன. நம் கடைகளில் ‘படாக்’ என்று வரும் ஆப்பிரிக்க மரம் இந்த டெரோகார்பஸ்தான், நம் வேங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி. தென்னமெரிக்காவின் இபே 2024 நவம்பரில் கட்டுப்பாட்டுக்கு வந்தது.

வணிகம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் துறைமுகம் தாண்டாது, அவ்வளவுதான். படாக் வாங்குகிறவர்கள் இறக்குமதிக் காகித எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஐரோப்பாவின் புதுச் சட்டம் நம்மைத் தொடுமா?

ஏற்றுமதி செய்கிறவரைத் தொடும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த மரம், ரப்பர், காப்பி எதுவும் அங்கே நுழையக் கூடாது. மரம் நின்ற நிலத்தின் வரைபடப் புள்ளியைத் தர வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி இருமுறை தள்ளிப்போயிருக்கிறது. ஆனால் காகிதம் கேட்கும் பழக்கம் வாங்குகிறவர்களிடம் இப்போதே வந்துவிட்டது.

உலக விலையை எங்கே பார்ப்பது?

ஜப்பானின் யோகஹாமாவில் 1986 முதல் இயங்கும் சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு, மாதம் இருமுறை இலவசமாகச் சந்தை அறிக்கை போடுகிறது. அதில் இந்தியத் துறைமுகத்துக்கு வந்து சேரும் தோட்டத் தேக்கின் விலை நாடு நாடாக இருக்கும். ஒரே நாட்டுச் சரக்கிலேயே கீழ் விலைக்கும் மேல் விலைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். தடியின் சுற்றளவும் வைரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

நிலத்தில் தேக்கு நட்டிருக்கிறேன். எப்போது வெட்டலாம்?

பன்னிரண்டு வருடத்தில் கோடி கிடைக்கும் என்று கன்று விற்றவர் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். அந்த வயதுத் தடி பனாமாவிலிருந்தும் கானாவிலிருந்தும் குவிகிறது, அதோடு உங்கள் மரம் போட்டி போட வேண்டும். நெருக்கமாக நட்டிருந்தால் மெலிந்ததை இடையில் எடுத்துவிடுங்கள், நல்லதுக்கு இடம் கொடுங்கள், பக்கக் கிளையை இளசிலேயே கழியுங்கள். அப்போதுதான் கணு இல்லாத தடி கிடைக்கும். முப்பது வருடம் பொறுக்க முடிந்தால் பொறுங்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் மலைவேம்பும் சவுக்கும் இருக்கின்றன. தேக்கை அதற்கு நடாதீர்கள்.

சரி, மரக்கடைக்குப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

எந்த நாடு என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் தடியை அறுக்கும்போது கூட நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள். அறுத்த சட்டத்தின் நான்கு பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், மூலையில் வெள்ளை ஓடுகிறதா என்று. சாயமோ எண்ணெயோ பூசியிருந்தால் ஒரு இடத்தில் இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஈரமானி வைத்திருந்தால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிலைக்கும் கதவுக்கும் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 20-க்கு மேல் என்றால் வாங்கி நிழலில் கட்டை கொடுத்து அடுக்கி, மாதக்கணக்கில் காயவிட உங்களுக்கு இடமும் நேரமும் வேண்டும். பில்லில் மர இனத்தின் பெயரையும் எந்தக் கன அடிக் கணக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள். ‘பர்மா’ என்று வாயால் சொன்னவர் அதைப் பில்லில் எழுதத் தயங்கினால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.